பி.பி.எஃப்-ஆ, செராமிக் கோட்டிங்கா? புது கார் பெயின்ட்டுக்கு எது தேவை, எது வீண் செலவு?

புது கார் டெலிவரி எடுக்கும் நாளில், சாவி கைக்கு வருவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். "சார், பெயின்ட் புரொடெக்‌ஷன் போட்டுடலாமா? இப்பவே போட்டாதான் நல்லது."

ஷோரூமில் செராமிக் கோட்டிங் என்பார்கள். ஆபீஸ் நண்பர், "செராமிக்லாம் வேஸ்ட் ப்ரோ, பி.பி.எஃப் போடு" என்பார். வீட்டில் அப்பா, "ரெண்டும் எதுக்கு? நாங்கள்லாம் வண்டி ஓட்டலையா?" என்று கேட்பார். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் யார் பேச்சைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து சில ஆயிரங்களில் இருந்து ஒரு லட்சத்துக்கு மேல் வரை செலவு மாறும். கார் லோன், இன்ஷூரன்ஸ், ரோடு டாக்ஸ் எல்லாம் கட்டி முடித்துப் பர்ஸ் காலியாகியிருக்கும் நேரத்தில் இது சின்னத் தொகை இல்லை.

இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பொருட்கள் அல்ல என்பதுதான் இதில் முதல் விஷயம். இரண்டும் தடுப்பது வெவ்வேறு எதிரிகளை. அது புரிந்துவிட்டால், உங்கள் காருக்கு எது வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம்.

கார் பெயின்ட் எவ்வளவு தடிமன்?

நாம் பார்க்கும் பளபளப்பு ஒரே அடுக்கு இல்லை. தொழிற்சாலையில் கார் பாடி முதலில் ஒரு பெயின்ட் தொட்டியில் முக்கப்பட்டு, மின்சாரத்தின் உதவியால் துருத்தடுப்பு அடுக்கு ஏற்றப்படும். அதன் மேல் பிரைமர். அதற்கும் மேல் நிறம் தரும் பேஸ் கோட். கடைசியாக நிறமில்லாத, கண்ணாடி போன்ற கிளியர் கோட்.

இத்தனை அடுக்கும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் சுமார் 100 முதல் 140 மைக்ரான்தான் வரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். அதாவது உங்கள் காரின் மொத்தப் பெயின்ட்டும் ஏறத்தாழ இரண்டு தலைமுடி தடிமன்தான். வெயிலையும் கீறலையும் நேரடியாகத் தாங்கும் கிளியர் கோட் மட்டும் என்றால் 40, 50 மைக்ரான். ஒரு முடி தடிமன்கூட இல்லை.

இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாலிஷ் போடுவது, கீறலை எடுப்பது என்று எதைச் செய்தாலும் இந்தக் கிளியர் கோட்டில் இருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டப்படுகிறது. தேய்ந்தது திரும்ப வராது.

நம்ம ஊரில் பெயின்ட்டுக்கு யார் எதிரி?

முதல் எதிரி கல். சென்னையில் இருந்து திருச்சிக்கோ பெங்களூருக்கோ நெடுஞ்சாலையில் போகும்போது, முன்னால் போகும் டிப்பர் லாரியில் இருந்து சிந்தும் ஜல்லித் துண்டு பானெட்டில் 'டக்' என்று படும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஒன்றும் செய்யாத கல், 100 கி.மீ. வேகத்தில் பெயின்ட்டைப் பெயர்த்து எடுத்துவிடும்.

இரண்டாவது தூசி. மணல் துகளில் இருக்கும் குவார்ட்ஸ், கிளியர் கோட்டைவிட மிகவும் கடினமானது. தூசி படிந்த காரைக் காய்ந்த துணியால் துடைத்தால், மெல்லிய உப்புத்தாளால் தேய்த்ததற்குச் சமம். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகத் தெரியும் கோடுகள் இப்படித்தான் வருகின்றன. டிடெய்லிங் கடைக்காரர்கள் இதை 'ஸ்விர்ல் மார்க்' என்பார்கள். கறுப்பு, அடர் நீலக் கார்களில் இது பளிச்சென்று தெரியும். வெள்ளையில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மூன்றாவது தண்ணீர். ஆம், தண்ணீரேதான். சென்னையின் பல பகுதிகளில் போர்வெல் தண்ணீர் கடும் உப்பு. கழுவிவிட்டு வெயிலில் காயவிட்டால் தண்ணீர் ஆவியாகிவிடும், அதில் இருந்த கால்சியம், மெக்னீசியம் உப்புகள் வெள்ளை வட்டங்களாகத் தங்கிவிடும். நாள்பட்டால் ஷாம்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது.

நான்காவது, மரத்தடி பார்க்கிங். காக்கை, புறா எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலம், மரத்தில் இருந்து சொட்டும் பிசின், பூச்சிகள் விடும் ஒட்டும் துளிகள் எல்லாம் சித்திரை வெயிலில் காய்ந்தால் கிளியர் கோட்டை அரித்துத் தடம் பதித்துவிடும்.

ஐந்தாவது, டிராஃபிக்கில் இடுக்கில் புகுந்து போகும் பைக்கின் ஹேண்டில் பார், அபார்ட்மென்ட் தூண், பக்கத்து வண்டிக் கதவு. இவற்றோடு மோதும்போது பெரும்பாலும் எந்தப் பாதுகாப்பும் முழுமையாக நிற்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடலாம்.

பி.பி.எஃப் என்பது என்ன?

பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம் என்பதன் சுருக்கம்தான் பி.பி.எஃப். மொபைல் திரையில் ஒட்டும் ஸ்கிரீன் கார்டு மாதிரி, கார் பாடியின் மேல் ஒட்டப்படும் நிறமற்ற பிளாஸ்டிக் படலம். இதன் மூதாதை ராணுவத்தில் இருந்து வந்தது. வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழலும் இறக்கைகளை மணலும் கற்களும் அரிக்காமல் இருக்க, 3எம் நிறுவனத்தின் பாலியுரேத்தேன் டேப் பயன்பட்டது. பிறகு பந்தயக் கார்களுக்கு வந்து, அங்கிருந்து சாதாரணக் கார்களுக்கு இறங்கியது.

நல்ல பி.பி.எஃப் டி.பி.யூ எனப்படும் தெர்மோபிளாஸ்டிக் பாலியுரேத்தேனால் ஆனது. ரப்பர் மாதிரி இழுபடும். தடிமன் பொதுவாக 150 முதல் 200 மைக்ரான். அதாவது உங்கள் காரின் மொத்தப் பெயின்ட்டைவிட இது தடிமன் அதிகம். கல் வந்து மோதும்போது அந்த அதிர்வை இந்தப் படலம் வாங்கிக்கொள்கிறது, பெயின்ட் தப்பிக்கிறது. தத்துவம் அவ்வளவுதான்.

"கீறல் விழுந்தா தானாவே ஆறிடும் சார்" என்று கடையில் சொல்வது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. நல்ல ஃபிலிமின் மேற்புறத்தில் இருக்கும் மெல்லிய பூச்சு, சூடு பட்டதும் இளகிப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். துடைக்கும்போது விழும் மெல்லிய கோடுகள் வெயிலில் நிறுத்தினாலோ வெந்நீர் ஊற்றினாலோ மறைந்துபோகும். ஆனால் ஃபிலிமையே வெட்டிவிட்ட ஆழமான கீறல் ஆறாது. சாவியால் யாராவது அழுத்திக் கோடு போட்டால் ஃபிலிம் கிழியும். அப்போது அந்த பேனலின் ஃபிலிமை மட்டும் உரித்துப் புதிதாக ஒட்ட வேண்டியிருக்கும்.

விலை மிகக் குறைவாகச் சொன்னால் பொருள் என்னவென்று கேளுங்கள். சந்தையில் பி.வி.சி.யால் ஆன ஃபிலிமும், அதை மேம்படுத்திய டி.பி.ஹெச் வகையும் பி.பி.எஃப் என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன. இவை டி.பி.யூ அளவுக்கு இழுபடாது, நம் ஊர் வெயிலில் சீக்கிரம் மஞ்சளாகவோ விறைத்து வெடிக்கவோ வாய்ப்பு அதிகம். வெள்ளைக் கார் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கறுப்புக் காரில் தெரியாத மஞ்சள், வெள்ளையில் பழைய சுவரொட்டி மாதிரி தெரியும்.

செராமிக் கோட்டிங் என்பது என்ன?

'செராமிக்' என்றதும் தரையில் போடும் டைல்ஸ் ஞாபகம் வரும். அந்த அளவுக்குக் கெட்டியான கவசம் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் இது சின்னப் புட்டியில் வரும் திரவம். சிலிக்கா சார்ந்த வேதிப்பொருளை ஸ்பாஞ்சில் தொட்டு, பேனல் பேனலாகத் தடவி, சில நிமிடத்தில் துடைத்துவிடுவார்கள். அது கிளியர் கோட்டுடன் ஒட்டிக்கொண்டு கண்ணாடி போன்ற மெல்லிய அடுக்காக இறுகும்.

எவ்வளவு மெல்லியது? பெரும்பாலும் ஒன்று, இரண்டு மைக்ரான்தான். பி.பி.எஃப்-இன் தடிமனில் நூறில் ஒரு பங்கு. ஆகவே கல் மோதினால் செராமிக் கோட்டிங் ஒன்றும் செய்யாது. இது யார் போட்டாலும், எத்தனை லேயர் போட்டாலும் பொருந்தும்.

அப்படியானால் எதற்கு இது? தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் இருப்பதற்கு. தூசி, சேறு, எச்சம் எல்லாம் சுலபமாகக் கழுவிப் போகும். எச்சத்தின் அமிலம் கிளியர் கோட்டைத் தொடுவதற்கு முன் உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். நிறம் ஆழமாகவும் பளபளப்பாகவும் தெரியும். கழுவும் நேரம் குறையும். இவை உண்மையான பலன்கள்தான். ஆனால் இவை கவசத்தின் பலன்கள் இல்லை, பராமரிப்பின் பலன்கள்.

'கிராஃபீன் கோட்டிங்' என்று கூடுதல் விலைக்கு வருவதும் பெரும்பாலும் இதே குடும்பம்தான். செராமிக் அடிப்படையில் கொஞ்சம் கிராஃபீன் ஆக்ஸைடு சேர்த்தது. கல்லுக்கு எதிரே அதுவும் கைவிரித்துவிடும். ஷோரூம்களில் பல ஆண்டுகளாக விற்கப்படும் 'டெஃப்லான் கோட்டிங்' இதைவிடக் குறுகிய காலம், சில மாதங்கள் தாக்குப்பிடிக்கும் பூச்சு.

9ஹெச் என்றால் வைரத்துக்கு அடுத்ததா?

"9ஹெச் கடினம் சார், வைரம் 10, இது 9!" என்று விளம்பரங்களிலும் கடைகளிலும் கேட்டிருப்பீர்கள். இங்கே இரண்டு வேறு அளவுகோல்கள் குழப்பப்படுகின்றன.

வைரத்துக்கு 10 என்பது தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோல். அதில் 9 என்பது மாணிக்கமும் நீலமும் சேர்ந்த கொரண்டம் கல். ஆனால் கோட்டிங் புட்டியில் இருக்கும் '9ஹெச்' பென்சில் அளவுகோல். ஸ்கூலில் ஹெச்.பி., 2ஹெச், 2பி என்று பென்சில் வாங்கினோமே, அதேதான். அந்த வரிசையில் மிகக் கடினமான பென்சில்களில் ஒன்று 9ஹெச். அந்தப் பென்சிலால் அழுத்திக் கோடு போட்டாலும் பூச்சு கீறவில்லை என்பதுதான் அதன் பொருள்.

பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். நம் ரோட்டில் இருப்பது மோஸ் அளவுகோலில் 7 வரும் குவார்ட்ஸ் மணல். பென்சிலைத் தாங்கிய பூச்சு மணலையும் தாங்கும் என்று பொருள் இல்லை. ஆகவே 9ஹெச் என்று எழுதியிருப்பதால் கீறல் விழாது என்று நம்பித் தூசித் துணியால் துடைக்க ஆரம்பித்தால், ஆறு மாதத்தில் அதே சிலந்தி வலைக் கோடுகள் வந்து நிற்கும். பானெட்டில் தீ வைத்துக் காட்டும் வீடியோக்களும் அப்படித்தான். நம் காருக்கு யாரும் தீ வைக்கப்போவதில்லை. நம் எதிரி தூசி, உப்புத் தண்ணீர், காக்கை.

தாமரை இலைத் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும்

கோட்டிங் போட்ட காரில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும் காட்சி அழகுதான். 'தாமரை இலைத் தண்ணீர்' என்று நாம் காலங்காலமாகச் சொல்வதை, ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் ஆராய்ந்து, 1997-ல் 'தாமரை விளைவு' என்று விளக்கினார். தாமரை இலையின் மேல் நுண்ணிய மேடுகளும் மெழுகும் இருப்பதால் நீர்த்துளி ஒட்ட இடமே கிடைப்பதில்லை. கார் கோட்டிங் அந்த அளவுக்குப் போகாது. மேடு பள்ளம் இல்லாத வழுவழுப்பான பரப்பு அது, துளியை ஓரளவு திரட்டி வைக்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. திரண்ட துளி உருண்டு கீழே போனால் சரி. தட்டையான பானெட்டிலும் கூரையிலும் அது அப்படியே நின்று, வெயிலில் காய்ந்தால்? துளியில் இருந்த உப்பு முழுவதும் ஒரே இடத்தில் வட்டமாகப் படியும். ஆகவே செராமிக் கோட்டிங் உப்புத் தண்ணீர்க் கறையைத் தடுக்காது. கழுவியதும் துடைக்காமல் விட்டால் கறை இன்னும் எடுப்பாகத் தெரியவும்கூடும். போர்வெல் தண்ணீரில் கழுவி, "காத்துல காஞ்சிடும்" என்று விட்டுப் போகும் பழக்கம் இருந்தால், எத்தனை ஆயிரம் கொடுத்துக் கோட்டிங் போட்டாலும் பயனில்லை.

சுருக்கமாக: எது எதைத் தடுக்கும்?

• சாலைக் கற்கள்: பி.பி.எஃப் பெருமளவு தடுக்கும். செராமிக் தடுக்காது.
• துடைப்பதால் வரும் மெல்லிய கோடுகள்: பி.பி.எஃப் தாங்கும், சூட்டில் மறையும். செராமிக் ஓரளவு குறைக்கும்.
• பறவை எச்சம், மரப்பிசின்: இரண்டும் கால அவகாசம் தரும். எதுவாக இருந்தாலும் அன்றே கழுவ வேண்டும்.
• உப்புத் தண்ணீர்க் கறை: இரண்டிலும் வரும்.
• சுலபமாகக் கழுவுவது: செராமிக் கை ஓங்கி நிற்கும்.
• பளபளப்பு: செராமிக் ஒரு படி மேல். நல்ல பி.பி.எஃப்-உம் பின்தங்காது.
• பைக் ஹேண்டில் பார், தூண் உரசல்: லேசான உரசலை பி.பி.எஃப் வாங்கிக்கொள்ளும். அழுத்தமாக இடித்தால் எதுவும் நிற்காது.
• டென்ட்: இரண்டாலும் முடியாது.

சரி, எவ்வளவு ஆகும்?

ஊர், கார் அளவு, பிராண்ட், கடை என்று விலை நிறைய மாறும். செராமிக் கோட்டிங்குக்குப் பொதுவாக 15,000 முதல் 40,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். முழுக் காருக்கும் டி.பி.யூ பி.பி.எஃப் என்றால் சின்ன ஹேட்ச்பேக்குக்கே 70,000 ரூபாய்க்கு மேல் போகும். எஸ்.யூ.வி.க்கு நல்ல பிராண்டில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டுவதும் சாதாரணம். வெளிநாட்டு பிராண்டுகளோடு, மகாராஷ்டிரத்தின் கார்வாரே ஹைடெக் ஃபிலிம்ஸ் போல இந்தியாவிலேயே தயாரிப்பவர்களும் இருக்கிறார்கள். விலை கேட்கும்போது ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்க மறக்காதீர்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1,20,000 ரூபாய்க்கு பி.பி.எஃப் போட்டு 6 வருடம் நின்றால், வருடத்துக்கு 20,000 ரூபாய். 25,000 ரூபாய்க்குச் செராமிக் போட்டு இரண்டரை வருடம் நின்றால், வருடத்துக்கு 10,000 ரூபாய். '5 வருட கோட்டிங்' என்று சொன்னாலும் தினமும் வெயிலில் நிற்கும், போர்வெல் தண்ணீரில் குளிக்கும் கார்களில் ஒன்று முதல் மூன்று வருடம் என்று எதிர்பார்ப்பதே நிதானமான கணக்கு.

"கார் லோன்லயே சேர்த்துடலாம் சார், மாசத்துக்குச் சின்னத் தொகைதான்" என்பது இன்னொரு வலை. அதே 1,20,000 ரூபாயை 9% வட்டியில் 5 வருடக் கடனில் சேர்த்தால் மாதம் சுமார் 2,490 ரூபாய். கடைசியில் நீங்கள் கட்டியிருப்பது கிட்டத்தட்ட 1,49,500 ரூபாய். வட்டி மட்டும் 29,000 ரூபாய்க்கு மேல்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பேனலுக்கு டிங்கரிங், பெயின்டிங் செய்ய சில ஆயிரங்கள்தான் ஆகும். அந்தக் கணக்கில் பார்த்தால், ஒரு லட்ச ரூபாய்க்கு எத்தனையோ முறை பேனல் பெயின்ட் அடித்துவிடலாம். ஆனால் தொழிற்சாலையில் அதிக வெப்பத்தில் சுட்டு எடுத்த பெயின்ட்டின் உறுதியும் நிறப் பொருத்தமும் வெளியில் அடிக்கும்போது அப்படியே வருவது கடினம். பழைய கார் வாங்குபவர்கள் மீட்டர் வைத்து அளந்து, "இந்த பேனல் ரீபெயின்ட்" என்று விலை குறைப்பதும் உண்டு. ஒரிஜினல் பெயின்ட்டைக் காப்பாற்ற நீங்கள் எவ்வளவு தரத் தயார் என்பதுதான் பி.பி.எஃப் விஷயத்தில் கேள்வி.

அப்போ, யாருக்கு எது?

வாரக் கடைசியில் எல்லாம் நெடுஞ்சாலையில் ஊருக்குப் போய் வருகிறவர், கடற்கரையோரம் வசிப்பவர்: முன்பக்கத்துக்காவது பி.பி.எஃப் யோசிக்கலாம். பானெட் இரும்பு. கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்த புள்ளியில் ஈ.சி.ஆர். பக்கத்து உப்புக்காற்று பட்டால் துரு ஆரம்பிக்கும். பம்பர் பிளாஸ்டிக், அது துருப்பிடிக்காது.

ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர், மூடிய பார்க்கிங் உள்ளவர், காரைத் தானே கழுவ ஆசைப்படுகிறவர்: செராமிக் போதும்.

5 வருடப் பழைய கார், இன்னும் இரண்டு வருடத்தில் மாற்றப்போகிறீர்கள்: இரண்டுமே வேண்டாம். நல்ல வாட்டர் வாஷ், ஒரு முறை பாலிஷ், நான்கைந்து மாதத்துக்கு ஒரு முறை வாக்ஸ் அல்லது ஸ்பிரே சீலன்ட். சில நூறு ரூபாயில் முடியும்.

பட்ஜெட்டும் பாதுகாப்பும் இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. கல் படும் இடங்களுக்கு மட்டும் பி.பி.எஃப்: முன் பம்பர், பானெட், சைடு மிரர், கதவு விளிம்பு, கைப்பிடிக் குழி, டிக்கியில் பெட்டி ஏற்றி இறக்கும் பின் பம்பரின் மேல் விளிம்பு. மீதிக்குச் செராமிக். முழு பி.பி.எஃப்-ஐவிட இது வெகுவாகக் குறையும்.

இப்படி இரண்டும் போடுவதானால் வரிசை முக்கியம். முதலில் ஃபிலிம், அதன் மேல் கோட்டிங். கோட்டிங்கின் மேல் ஃபிலிம் ஒட்டினால் பசை சரியாகப் பிடிக்காது. 'எதுவும் ஒட்டக் கூடாது' என்பதுதானே கோட்டிங்கின் வேலையே.

பைக் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெல்ட் பக்கிளும் ஜாக்கெட் ஜிப்பும் உரசி டேங்க் கீறுவதைத் தடுக்க, டேங்குக்கு மட்டும் பி.பி.எஃப் ஒட்டலாம். செலவு குறைவு, பலன் கண்ணுக்குத் தெரியும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

"பெயின்ட் கரெக்‌ஷன் செய்வீர்களா? எவ்வளவு?" புது காரிலேயே ஸ்டாக்யார்டில் அவசரமாகத் துடைத்த கோடுகள் இருக்கலாம். அவற்றை எடுக்காமல் கோட்டிங் போட்டால் கோடுகள் அப்படியே உள்ளே சிறைப்படும். அதே நேரம், புது காருக்குக் கடுமையான காம்பவுண்டிங் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் கிளியர் கோட் சில மைக்ரான்கள் வரை குறையலாம். பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லாதவரிடம் பாலிஷிங் மெஷினைக் கொடுப்பது ஆபத்து.

"ஃபிலிமை எப்படி வெட்டுவீர்கள்?" உங்கள் மாடலுக்கான அளவில் கம்ப்யூட்டர் பிளாட்டரில் வெட்டிக் கொண்டுவந்து ஒட்டுவது ஒரு முறை. காரின் மேலேயே வைத்து பிளேடால் வெட்டுவது இன்னொன்று. இரண்டாவதில் கை தவறினால் பிளேடு பெயின்ட்டில் கோடு போட்டுவிடும். அந்தக் கோடு ஃபிலிமைக் கழற்றும்போதுதான் தெரியவரும்.

"ஃபிலிமின் விளிம்பை உள்ளே மடிப்பீர்களா?" வெளியே நிற்கும் விளிம்பில் அழுக்கு சேர்ந்து கறுப்புக் கோடாகத் தெரியும். அங்கிருந்துதான் உரியவும் ஆரம்பிக்கும்.

"வாரன்ட்டி எதற்கு?" பி.பி.எஃப் வாரன்ட்டி பெரும்பாலும் மஞ்சளாதல், வெடித்தல், உரிதல் ஆகியவற்றுக்குத்தான். கல் பட்டுக் கிழிந்தால் இல்லை. வாரன்ட்டி தருவது ஃபிலிம் கம்பெனியா, கடையா என்று கேளுங்கள். ரோலின் சீரியல் எண் வாரன்ட்டி கார்டிலும் பில்லிலும் இருக்க வேண்டும். செராமிக்கில் வருடாவருடம் பணம் கட்டி 'மெயின்டனன்ஸ்' செய்தால்தான் வாரன்ட்டி செல்லும் என்பதும் உண்டு. அந்தச் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏதாவது பேனல் ஏற்கெனவே ரீபெயின்ட் செய்யப்பட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஃபிலிமை உரிக்கும்போது தொழிற்சாலைப் பெயின்ட் தாங்கும். வெளியில் அடித்த பெயின்ட் ஃபிலிமோடு சேர்ந்து வரவும் வாய்ப்பு உண்டு. புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் அது முழுதாகக் காயச் சில வாரங்களாவது காத்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஷோரூமில் டெலிவரி அன்றே போட்டாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு வாரம் கழித்து வெளியில் இரண்டு மூன்று இடங்களில் விலை விசாரித்துப் போட்டுக்கொண்டாலும் பெயின்ட் ஓடிப்போய்விடாது.

சட்டம், இன்ஷூரன்ஸ்

நிறமற்ற ஃபிலிமுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் இப்போது நிறம் மாற்றும் பி.பி.எஃப்-உம் வருகிறது. ஆர்.சி.யில் காரின் நிறம் பதிவாகியிருக்கும். அதற்கு மாறாகக் காரை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆகவே நிறத்தை மாற்றுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஃபிலிமுக்கான பில்லைப் பத்திரப்படுத்துங்கள். தனியாகக் குறிப்பிட்டுப் பிரீமியம் கட்டாவிட்டால், விபத்தில் சேதமான பேனலுக்குப் பணம் வரும், மேலே ஒட்டியிருந்த ஃபிலிமுக்கு வராமல் போகலாம். பாலிசி எடுக்கும்போதே கேட்பது நல்லது. காரை விற்கும்போதும் அந்தப் பில் உதவும். ஃபிலிம் ஒட்டிய பேனலில் மீட்டர் வைத்தால் தடிமன் 300 மைக்ரானுக்கு மேல்கூடக் காட்டும். விஷயம் தெரியாதவர் ரீபெயின்ட் என்று சந்தேகப்படுவார்.

சின்னக் கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போடும் முன் 'நோ க்ளெய்ம் போனஸ்' கணக்கைப் பாருங்கள். க்ளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி, தொடர்ந்து 5 வருடம் க்ளெய்ம் இல்லாவிட்டால் சொந்த சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. ஒரு பம்பர் கீறலுக்காக அதை இழப்பது பல நேரம் நஷ்டம்.

போட்ட பிறகு என்ன செய்ய வேண்டும்?

கோட்டிங் போட்டு முதல் 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. ஒரு வாரத்துக்கு வாஷ் வேண்டாம். பி.பி.எஃப் ஒட்டிய புதிதில் உள்ளே தெரியும் சின்னச் சின்ன நீர்க்குமிழிகள் சில நாட்களில் தானாகக் காயும். நகத்தால் அழுத்திப் பார்க்காதீர்கள். பிரஷர் வாஷ் அடிக்கும்போது ஃபிலிம் விளிம்புக்கு நேராக, கிட்டத்தில் வைத்து அடிக்க வேண்டாம்.

அபார்ட்மென்ட்டில் மாதச் சம்பளத்துக்குத் தினமும் கார் துடைக்கும் அண்ணன்கள் ஒரே பக்கெட் தண்ணீரில் பத்து காரைத் துடைக்க வேண்டிய நிலையில்தான் வேலை செய்கிறார்கள். முதல் காரின் மணல் பத்தாவது காரில் கோடு போடுகிறது. இதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் காருக்கென்று இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் ஒரு பக்கெட்டும் வாங்கிக் கொடுங்கள். "தினமும் துடைக்க வேணாம்ணே, வாரத்துக்கு ரெண்டு தடவை நல்லா தண்ணி ஊத்திக் கழுவினா போதும்" என்று சொல்லுங்கள். அவருக்கும் வேலை குறையும், உங்கள் பெயின்ட்டும் பிழைக்கும்.

பாத்திரம் கழுவும் திரவத்தை விட்டுவிட்டு கார் ஷாம்பு வாங்குங்கள். முதலில் தண்ணீர் அடித்து மணலை இறக்குங்கள், பிறகுதான் துணி. நிழலில் கழுவி, உடனே துடைத்துவிடுங்கள். காக்கை எச்சத்தைக் காய்ந்த துணியால் தேய்க்காமல், ஈரத் துணியைச் சில நிமிடம் போட்டு ஊறவைத்து எடுங்கள்.

இவை அனைத்துக்கும் சேர்த்து வருடத்துக்கு இரண்டாயிரம் ரூபாய்கூட ஆகாது. இந்தப் பழக்கம் இருப்பவருக்கு செராமிக்கும் பி.பி.எஃப்-உம் கூடுதல் வசதி. இல்லாதவருக்கு ஒன்றரை லட்ச ரூபாய் ஃபிலிமும் கொஞ்ச நாள் அலங்காரம்தான். ஆகவே கடைக்குப் போகும் முன், உங்கள் கார் எங்கே நிற்கிறது, எந்த ரோட்டில் ஓடுகிறது, யார் எப்படித் துடைக்கிறார் என்ற மூன்றையும் ஒரு வாரம் கவனியுங்கள். எதற்குப் பணம் செலவழிக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.